கண் சிமிட்டாத என் மகன்

மீன் கண் சிமிட்டாது. பிள்ளைகளே, நீங்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, ஒரு மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். நானும் படித்தவன்தான் (பத்தாம் வகுப்பு வரை, அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை). ஆனால் புத்தகத்தில் படிப்பது வேறு. தாராவியில் ஒற்றை அறை வீட்டில், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒருவன் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு.

இரண்டு கண்ணால் பார்த்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்கு மூன்று. ஆஸ்கர் என்று ஒரு மீன் சாதி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். அதன் வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு, சுற்றிலும் ஆரஞ்சு வளையம், அச்சு அசல் கண். எது தலை, எது வால் என்று எதிரி குழம்புவதற்காகக் கடவுள் வைத்த பொய்க்கண் அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாலும் ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான்.

எனக்கு வேலை செம்பூரில், ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில், எக்ஸ்ரே அறை உதவியாளாக. நோயாளியைப் பலகையில் படுக்க வைப்பேன், சங்கிலி வளையலைக் கழற்றச் சொல்வேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "சாஸ் லோ... ரோக்கோ... சோடோ" என்று சத்தம் போடுவேன். மூச்சை இழு, பிடி, விடு. இந்த மூன்று சொல்லை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, நானும் பாதி டாக்டர் என்ற எண்ணம் உள்ளே வந்துவிட்டது. எங்கள் சந்தில் யாருக்குக் கால் பிசகினாலும் முதலில் நான்தான் அமுக்கிப் பார்ப்பேன். பிறகு அவர்கள் உண்மையான டாக்டரிடம் போவார்கள், இரண்டு வலியோடு.

எங்கள் டாக்டர் மாதுங்காவில் இருப்பவர். பாலக்காட்டுக் குடும்பம், முட்டைகூடத் தொடமாட்டார். அவர் வீட்டு மாமி, விரல் அளவில் இருந்த ஒரு மீன் குஞ்சை வாங்கி வந்து, கேசவன் என்று பேர் வைத்து, கிளினிக் கூடத்தில் தொட்டி வைத்துக் கையாலேயே தீனி கொடுத்து வளர்த்தார். பிறகு மாமி காலமாகிவிட்டார். அதற்கப்புறம் தினமும் காலையில், முதல் நோயாளியைக் கூப்பிடுமுன், டாக்டர் ஸ்டூலைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவனிடம் ஏதோ பேசுவார். என்ன பேசுவார் என்று நாங்கள் கேட்டதில்லை. ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போய்விடுவோம்.

ஒரு மழைக்காலத்தில் டாக்டர் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டார். கிளினிக்கைப் பூட்டி பெயிண்ட் அடிக்க ஏற்பாடு. "பெயிண்ட் நெடி அவனுக்கு ஆகாதுடா சுடலை" என்றார் என்னிடம். "நீ ஆத்துக்கு எடுத்துண்டு போய் வெச்சுக்கோ. நீ பாத்துப்பேன்னு நம்பித்தான் ஃப்ளைட் ஏறறேன், கேட்டியா. அவ விட்டுட்டுப் போனதுல எங்கிட்ட இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

நான் மார்பைத் தட்டிக்கொண்டு சரி என்றேன். (தட்டிய மார்பு பிற்பாடு எப்படி அடித்துக்கொண்டது என்று சொல்கிறேன்.)

டெம்போவில் தொட்டி வந்தது. எங்கள் அறையில் அதற்கு இடம் வேண்டுமே. டிவி பரணுக்குப் போயிற்று. என் மனைவி பேச்சிதான் அதைத் தூக்கி வைத்தாள். என் மகள் மகி, ஒன்பது வயது, டிவி போன துக்கத்தில் அன்றைக்கெல்லாம் மீனோடு பேசவில்லை. மீனும் யாரோடும் பேசும் நிலையில் இல்லை. தொட்டியில் விட்டதும் உடம்பெல்லாம் கரிபோலக் கறுத்தான். மெதுவாகக் கீழே இறங்கினான். பக்கவாட்டில் சாய்ந்து, கூழாங்கல்மேல் படுத்துவிட்டான். மேலே பார்த்திருந்த அந்த ஒற்றைக் கண் மட்டும் அசைந்தது. நான் இடப்பக்கம் போனால் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் வலப்பக்கம்.

அன்று பேச்சி சாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் மீன் துண்டை எடுத்து முள்ளை உருவினேன். தொட்டியில் கண் அசைந்தது. துண்டை வாயருகே கொண்டுபோனேன். கண் கூடவே வந்தது. மகி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "யப்பா, அவங்க மாமாவயோ சித்தப்பாவயோ நீங்க திங்கிறதா நெனைக்கான்."

அன்றோடு எங்கள் வீட்டில் மீன் நின்றது. கருவாடும் நின்றது. பேச்சி அவன் காதில் விழாதபடி, அந்த வார்த்தையைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. தீனி போட்டால் அது அவன் முகத்துக்கு நேராக மிதந்து இறங்கி, ஊறி, வீணாய்ப் போகும். ஆனால் காலையில் நாங்கள் எழுந்து பார்க்கும்போது கூழாங்கற்கள் எல்லாம் ஒரு மூலைக்குப் போய் நீளவாக்கில் மேடாகக் குவிந்திருக்கும். அவனோ அதே இடத்தில், அதே சாய்வில் படுத்திருப்பான். நான் கையை விட்டுச் சமப்படுத்துவேன். மறுநாள் மறுபடி மேடு. மகி அது கல்லறை மாதிரி இருக்கிறது என்றாள். வாயை மூடு என்றேன். அவள் சொல்லும்வரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வேறு மாதிரி தோன்றவே இல்லை.

வெளியே விடாத மழை. பகலிலும் விளக்குப் போட்டால்தான் வீட்டுக்குள் முகம் தெரியும். அந்த இருட்டில் தொட்டி மட்டும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சில நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவன் கண் இப்போது எங்களைத் தொடரவில்லை. பேச்சி அடுப்படியில் நின்றால், அவள் தோளுக்குச் சற்று மேலே, சுவரோரம், ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. அங்கே யாரும் இல்லை. நான் போய் நின்று பார்த்தேன். என்னைத் தாண்டிப் பார்த்தான்.

பக்கத்து வீட்டு இசக்கி அக்கா வந்தாள். எங்கள் சந்தின் பேய் இலாகா முழுவதும் அவள் பொறுப்பு. எலுமிச்சம்பழம் எத்தனை, மிளகாய் எத்தனை, எந்த முக்கில் போட வேண்டும் என்றெல்லாம் சொல்வது அவள்தான். தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். இதை வளர்த்தது யார் என்று கேட்டாள். சொன்னேன். அந்த மாமி எங்கே என்றாள். அதையும் சொன்னேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏ சுடல, அது ஒங்களப் பாக்கல" என்றாள். "ஒங்களுக்குப் பின்னால நிக்கிற ஆளப் பாக்கு."

நான் பெரிதாகச் சிரித்தேன். (பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு பெரிதாக வரும். கல்யாண போட்டோக்களில் பார்க்கலாம்.) நான் மருத்துவத் துறையில் இருப்பவன், இந்த மூடநம்பிக்கையெல்லாம் என் வீட்டில் நடக்காது என்று அறிவித்தேன். அறிவித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்து வெளியேறி, குர்லாவுக்கு ரயில் ஏறினேன்.

குர்லாவில் வண்ணமீன் விற்கும் கடைக்காரர் என் போனில் இருந்த வீடியோவைப் பார்த்ததும் என்னைப் போல இல்லாமல் உண்மையாகவே சிரித்தார். "ரூட் கயா ஹை, பாய்" என்றார். கோபித்துக்கொண்டிருக்கிறானாம். இந்த சாதி மீனை இடம் மாற்றினால் இப்படித்தான் செத்தவன் மாதிரி படுத்துக்கொள்ளுமாம், கறுத்துப்போகுமாம், பட்டினி கிடக்குமாம். கல்லை வாயால் கவ்விக் கவ்வி இடம் மாற்றுவதும் அதன் பழக்கமாம். நோயே இல்லை. குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. தொட்டிக்கு முன்னால் துணி கட்டு. யாரும் முறைத்துப் பார்க்காதே. பசி வந்தால் தானே எழுவான். அப்போது மட்டும் ஜாக்கிரதை, கண்ணில் பட்டதை விழுங்குவான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை. மாமியார் வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் மாப்பிள்ளை வியாதி என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியில் ரயிலில் பாதி வழி தூக்கத்திலேயே போயிற்று.

பேச்சியின் பழைய சேலையைத் தொட்டிக்கு முன்னால் கட்டினோம். அது நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன். உள்ளே விளக்கு, வெளியே சேலை. காற்றில் சேலை லேசாக ஆடும்போது, ஒரு பெண் பிள்ளை அங்கே நின்றுகொண்டிருப்பது போலவே இருந்தது. அவள் இடுப்புக்குள் அவ்வப்போது ஒரு கறுப்பு நிழல் பெருத்து, சிறுத்து, அசையும். மகி அந்தப் பக்கமே போகவில்லை. நான் போனேன், அப்பா ஆயிற்றே. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் மாற்றினேன்.

ஒரு நாள் சேலையை விலக்கினால் அவன் எழுந்து நேராக நிற்கிறான். நிறம் திரும்பியிருந்தது. சந்து முழுக்கப் போய்ச் சொன்னேன். வைத்தியம் பலித்துவிட்டது என்று பேச்சியிடம் சொன்னபோது, அவளும் இசக்கி அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் பார்த்தேன், அவன் வாய் மூடவில்லை.

திறந்தபடியே இருந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, வாயை அகலத் திறந்து, அப்படியே நின்றான். ஏதோ சொல்ல வந்து, சொல் தொண்டையில் நின்றுவிட்டவன் போல. இறால் கொடுத்தால் வாங்குவான், உடனே வெளியே வந்துவிடும். செவுள் வேகவேகமாக அடித்தது. அந்தச் சமயம் பார்த்து டாக்டர் வெளிநாட்டிலிருந்து போன் செய்தார். கேசவன் எப்படி இருக்கிறான் என்றார். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. "பேசுற மாதிரி இருக்கான் சார்" என்றேன். பிறகு டாக்டர், "அவகிட்டயும் அப்படித்தான்டா நிப்பான்" என்றார். ஐந்து நாளில் வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

நாளுக்கு நாள் அவன் செவுள் அடிப்பது தளர்ந்துகொண்டு வந்தது. இவன் போய்விட்டால் அந்த மனுஷர் ஸ்டூலை எங்கே இழுத்துப் போடுவார்?

அப்போதுதான் என்னுள் இருந்த பாதி டாக்டர் விழித்துக்கொண்டான். எலும்பு முறிந்தாலும் எக்ஸ்ரே, முழுதாய் இருந்தாலும் எக்ஸ்ரே. அதுதானே நான் அறிந்த மருத்துவம். கிளினிக் சாவி என்னிடம் இருந்தது. டெக்னீஷியன் சாவந்த் பாவு (மராத்தியில் பாவு என்றால் அண்ணன்) மெஷினை ஓட்டிப் பார்க்க அன்று வருவதாகவும் இருந்தது. பொங்கல் குண்டானில் தண்ணீர் நிரப்பி, கேசவனை விட்டு, மூடி போட்டுக் கயிற்றால் கட்டி, ஆட்டோவில் ஏறினேன். சயான் தாண்டும்போது குண்டானுக்குள்ளிருந்து டொக், டொக் என்று தட்டும் சத்தம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். உள்ளே என்ன என்றார். பேஷன்ட் என்றேன். அதற்குப் பிறகு அவர் எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை.

கிளினிக்கில் ஆள் இல்லை. கூடத்து நாற்காலிகளுக்கெல்லாம் பெயிண்ட் படாமல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மழை இருட்டில், வரிசையாக யாரோ முக்காடிட்டுக் காத்திருப்பது போல இருந்தது. குண்டானை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் நடுவே போனேன். என்னையறியாமல் "கொஞ்சம் வழி விடுங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

சாவந்த் பாவு முதலில் முடியாது என்றார். பிறகு குண்டானைத் திறந்து அந்தத் திறந்த வாயைப் பார்த்தார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பேர், வயது, ஆணா பெண்ணா என்று போடாமல் மெஷின் படம் எடுக்காது. கேசவன் என்று போட்டால் டாக்டருக்குத் தெரிந்துவிடுமே என்றேன். "சுடலையின் குழந்தை, வயது நாலு, ஆண்" என்று தட்டினார்.

பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரோடு அவனைப் பலகையில் படுக்க வைத்தேன். கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். வாய் தானாகவே திறந்தது. "சாஸ் லோ... ரோக்கோ..." சாவந்த் பாவு தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவனைக் குண்டானுக்கு மாற்றிவிட்டுத் திரையைப் பார்த்தோம். முதுகெலும்பு தெரிந்தது, சீப்புப் பல்போல முள் தெரிந்தது. தொண்டைக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு பெண் நின்றாள்.

கட்டைவிரல் உயரம். கொண்டை. சேலைக் கொசுவம். இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டபடி நின்றாள்.

சாவந்த் பாவு எழுந்து செருப்பைக் கழற்றினார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. சேலைக்குள் அசைந்த நிழலும், பேச்சியின் தோளுக்குப் பின்னால் இருந்த இடமும் என் மனதில் வரிசையாக வந்து நின்றன. அந்த நேரத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

டாக்டர். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டவர், பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். எங்களைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மேலே எழுதியிருந்ததைப் படித்தார். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சுடலை" என்றார். "ஒனக்கு ஒரு பையன் இருக்கானாடா?"

நான் தலையைக் குனிந்தேன். அதை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் தடவிப் பார்த்தார். கை எலும்பு இல்லை. கால் எலும்பு இல்லை. இடுப்பே இல்லை. நாற்பது வருஷம் எலும்பு பார்த்த மனுஷர், கண் கலங்க என் தோளில் கை வைத்தார்.

"நாலு வருஷமா இதை மனசுல வெச்சுண்டா இங்க வேலைக்கு வந்துண்டிருந்தே? எங்கிட்ட சொல்லப்படாதோ? நான் இருக்கேன்டா."

நான் என்ன சொல்வது, பிள்ளைகளே? பிளந்த பூமிக்குள் போகலாம் என்றால் அது மூன்றாவது மாடி. குண்டான்தான் பதில் சொன்னது. டொக், டொக்.

டாக்டர் மூடியைத் தூக்கினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது. "இவனா ஒன் பிள்ளை?" என்றார். அப்போதுதான் அந்த வெள்ளை உருவம் கண்ணில் பட்டு அவர் முகமும் மாறியது. "யாருடா இவ?" என்றார், சன்னமாக.

பேச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கேசவன் தொண்டைக்குள் ஒரு பெண் நிற்கிறாள் என்று சொன்னேன். மறுமுனையில் இசக்கி அக்காவின் குரலும் கேட்டது. இரண்டு பேரும் கொஞ்சம் கிசுகிசுத்தார்கள்.

"கோவிச்சுக்காதீய" என்றாள் பேச்சி. "நீங்க குர்லா போன அன்னைக்கி அக்கா கோயில்ல உருவம் வாங்கியாந்தாவ."

நம் கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண், ஆள் என்று அச்சடித்து விற்பார்களே, நோய் தீர நேர்ந்துகொண்டு போடுவதற்கு, அது. மீன் உருவம் கடையில் இல்லையாம். அவனைத் தன்னிடம் கூப்பிடுவது மாமி, ஆகவே மாமிக்கே செய்வோம் என்று இசக்கி அக்கா பெண் உருவமாக வாங்கியிருக்கிறாள். நோயாளியின் உடம்பில் தகடு பட வேண்டும். மனிதன் என்றால் நெற்றியில் வைக்கலாம். இவனுக்கு எங்கே வைப்பது? தொட்டிக்குள்ளேயே கூழாங்கல் மேட்டில் செருகிவிட்டார்கள். கோபம் தீர்ந்து பசியோடு எழுந்தவன் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பளபளப்பு. மறுநாள் தகட்டைக் காணவில்லை.

"ஆத்தா எடுத்துக்கிட்டான்னு நெனச்சோம்லா" என்றாள் இசக்கி அக்கா, போனுக்குள்ளிருந்து.

டாக்டர் போனை வாங்கி அணைத்தார். கோட்டைக் கழற்றினார். ஈரத் துண்டு கேட்டார், நீள இடுக்கி கேட்டார். வாழ்நாளில் மீனைத் தொடாத அந்த மனுஷர், துண்டில் நான் சுற்றிப் பிடித்திருந்தவனின் வாய்க்குள் விளக்கைக் காட்டிக் குனிந்தார். தண்ணீருக்கு வெளியே அவனுக்கு நேரம் குறைவு. அவன் துடித்தான். எனக்கு அவனை அடக்க ஒரே ஒரு மந்திரம்தான் தெரியும். "ரோக்கோ" என்றேன், "சாஸ் ரோக்கோ".

செவுள் நின்றது. உடம்பும் நின்றது.

இடுக்கி உள்ளே போயிற்று, திரும்பியது, கும்பிட்ட கையோடு அவள் வெளியே வந்தாள். அவனைக் குண்டானில் விட்டேன். செவுள் அசையவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தான். ஒற்றைக் கண் மேலே பார்த்தது. டாக்டர் குண்டான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடச் சொல்லுடா" என்றார். "நீதானே பிடிக்கச் சொன்னே. விடச் சொல்லு."

"சோடோ" என்றேன். மறுபடி சொன்னேன்.

செவுள் ஒரு முறை திறந்து மூடியது. பிறகு இன்னொரு முறை. பிறகு அவன் நிமிர்ந்து, எத்தனையோ நாளாகத் திறந்திருந்த வாயை மூடினான்.

டாக்டர் அந்தத் தகட்டைக் கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிக் கேட்கும் தைரியம் இசக்கி அக்காவுக்கே வரவில்லை. அவன் சுவரில் எதைப் பார்த்தான் என்றும் டாக்டரிடம் கேட்டேன். பேச்சிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருக்குமே, அதில் தன்னையே பார்த்து இன்னொரு மீன் என்று நினைத்திருப்பான் என்றார். அதைப் போய் இசக்கி அக்காவிடம் சொன்னேன். "அப்ப தட்டெல்லாம் வெளிய கழுவக் கெடந்த நேரத்துல எதப் பாத்துதாம்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பேச்சி தட்டுக் கழுவப் போனால் நானும் கூடவே வெளியே போய்விடுகிறேன்.

கம்ப்யூட்டரில் ஏறிய பேரையும் எடுக்க முடியவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் பேச்சி, எங்களுக்கு ஒரு பெண், ஒரு பையன், பையன் செம்பூரில் டாக்டரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மகிக்கு அவன் தம்பி. வீட்டில் நான் எதற்காவது கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், "யப்பா, எக்ஸ்ரே எடுக்கணுமா, சேலை கட்டினா போதுமா?" என்று அவள் கேட்பாள்.

தொட்டி மறுபடி கூடத்தில், பழைய இடத்தில். ஸ்டூலும் அங்கேதான். எக்ஸ்ரே அறைக் கதவுக்குப் பின்னால் நின்றால் எனக்கு நேராகத் தெரியும். நான் யாரோ ஒரு நோயாளிக்கு "ரோக்கோ" என்று சத்தம் போடும்போது, தொட்டிக்குள் என் மகன் திரும்பி என்னைப் பார்ப்பான். செவுள் அசையாமல் நிற்கும்.

அதனால்தான் "சோடோ" சொல்ல மட்டும் நான் ஒரு நாளும் மறப்பதில்லை.